மே மாதத்தில் கடிகாரம் காட்டும் தெற்கு

பள்ளியில் சாரணர் குழுவை நடத்தும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் முகாமில் கைக்கடிகாரத்தை வைத்துத் தெற்கைக் கண்டுபிடிக்கச் சொன்னோம், சரியாக வந்தது. மே மாத முகாமில் அதே பிள்ளைகள், அதே முறை, அதே காலை 9 மணி. ஆனால் கடிகாரம் காட்டிய தெற்கு, கிழக்குப் பக்கமாக எங்கோ போய்விட்டது. பிள்ளைகள் பிடித்த விதத்தில் தவறா?"

பிள்ளைகள் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். அந்த முறை நம் ஊர் வெயில் காலத்துக்கு உதவாது.

முறை இதுதான். கடிகாரத்தைக் கிடையாகப் பிடித்துச் சின்ன முள்ளைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்ப வேண்டும். சின்ன முள்ளுக்கும் 12க்கும் சரிபாதியில் போகும் கோடு தெற்கு. சூரியன் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று, அதாவது மணிக்கு 15 டிகிரி. சின்ன முள் மணிக்கு 30 டிகிரி. அதனால்தான் பாதி. கணக்கு பளிச்சென்று இருக்கிறது, ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: சூரியன் நிற்கும் திசையும் மணிக்கு 15 டிகிரி வீதம் சீராக நகர்கிறது என்பது.

சென்னைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிசம்பர் 21, காலை 9 மணி. சூரியன் வடக்கிலிருந்து வலமாக 129 டிகிரியில், ஏறக்குறைய தென்கிழக்கில் இருக்கும். கடிகாரப் பாதி 45 டிகிரியைக் கூட்டினால் 174. உண்மையான தெற்கு 180. பிழை 6 டிகிரிதான், முகாமில் யாரும் கவனிக்கப் போவதில்லை. இப்போது மே 15, அதே 9 மணி. சூரியன் 76 டிகிரியில், கிழக்குக்கும் சற்று வடக்கே நிற்கிறது. 45ஐக் கூட்டினால் 121. பிழை 59 டிகிரி! இந்தத் 'தெற்கை' நம்பி ஒரு கிலோமீட்டர் நடந்தால், சேர வேண்டிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்போம். ஜூன் 21 நண்பகலில் நிலைமை இன்னும் மோசம். அன்று சென்னையில் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். கடிகாரமோ அதுதான் தெற்கு என்று சொல்லும்.

ஏன் இப்படி? சூரியன் வானில் போகும் வட்டத்தை மனதில் வரைந்து பாருங்கள். பூமியின் அச்சுதான் அதற்கும் அச்சு. வட துருவத்தில் நிற்பவருக்கு அந்த அச்சு தலைக்கு நேர் மேலே செங்குத்தாக இருக்கும். அங்கே சூரியன் செக்கு மாடு மாதிரி. ஏறாமல் இறங்காமல் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவரும், திசை மணிக்குச் சரியாக 15 டிகிரி மாறும். கடிகார முறை துல்லியமாக வேலை செய்யும் இடம் அதுதான்.

நமக்கு அந்த அச்சு படுத்துக் கிடக்கிறது. சென்னையில் அது வடக்கு அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் எழும்பியிருக்கிறது. அச்சு படுத்தால் சக்கரம் நிமிரும். நம் சூரியன் திருவிழா ராட்டினம்! ராட்டினத்துக்கு நேர் அடியில் நின்று ஒரு பெட்டியைக் கவனியுங்கள். கிழக்கில் கிளம்பிய பெட்டி மேலே மேலே போகிறது, ஆனால் அது இருக்கும் திசை கிழக்காகவேதான் இருக்கிறது. உச்சியைக் கடக்கும் அந்தச் சில கணங்களில் சட்டென்று மேற்குக்குப் போய்விடுகிறது. பிறகு மேற்கிலேயே நின்று கீழே இறங்குகிறது.

ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சென்னைச் சூரியன் செய்வது இதுவே. நண்பகலில் அது நேர் உச்சிக்கு வந்து நட்ட கம்பின் நிழல் காணாமல் போகும் நாட்கள் அவை. அன்று உதயத்திலிருந்து நண்பகல் வரை ஆறு மணி நேரத்தில் சூரியனின் திசை வெறும் 13 டிகிரி மாறுகிறது. கடிகார முறையோ 90 டிகிரி மாறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே விலகியிருப்பதால், ராட்டினத்தை நாம் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். பெட்டி தென்கிழக்கு, தெற்கு, தென்மேற்கு என்று ஓரளவு சீராக நகர்வது போலத் தெரியும். டிசம்பர் முகாமில் முறை பலித்த ரகசியம் இதுதான்.

சாரணர் இயக்கத்தின் முதல் முகாம் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்தது. அது ஏறக்குறைய 51 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே அந்த மாதத்தில் காலை 9 மணிக்குப் பிழை 18 டிகிரி அளவில்தான் வரும். அங்கே ஒப்புக்கொள்ளத்தக்க கருவி, நம் பயிற்சிக் கையேடுகளில் எல்லைக் குறிப்பு எதுவுமின்றித் தொடர்வதுதான் எனக்கு வருத்தம்.

நமக்கு ஏற்ற முறை நம்மிடமே இருக்கிறது. கோயில் கட்டிய சிற்பிகள் 'சங்கு' என்ற கம்பை நட்டு நிழல் வட்டத்தால் திசை குறித்தார்கள். வேள்வி மேடை அளவுகளைச் சொல்லும் பழைய நூலான காத்யாயனரின் சுல்ப சூத்திரத்திலும், கட்டடக்கலை நூலான மயமதத்திலும் இது விளக்கப்பட்டிருக்கிறது. இது அப்பழுக்கற்ற அளவியல். வாஸ்து என்று பெயர் சொல்லி, சமையலறை தப்பான மூலையில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயமுறுத்திக் காசு வாங்குவதற்கும் இந்த அளவியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

செய்முறைக்கு 60 செ.மீ. நேரான கம்பு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, கயிறு, ஆறு முளைக்குச்சி போதும். தரை மட்டமாக இருக்க வேண்டும், தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பை நட்டு, அதன் நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, குண்டு தொடும் புள்ளியைக் குறியுங்கள். வட்டத்தின் மையம் அந்தப் புள்ளிதான். கம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை, மையம் நுனிக்கு நேர் கீழே இருந்தால் போதும். சரிவான தரை மட்டும் மன்னிக்காது. காலை 9 மணிக்குச் சற்று முன்பு நிழல் நுனி எட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவான ஆரத்தில் ஒரு வட்டம், அதற்குள் 5 செ.மீ. இடைவெளியில் இன்னும் இரண்டு. மதியம் மேகம் வந்து ஒரு வட்டத்தைத் தவறவிட்டாலும் மற்றவை இருக்கும்.

முற்பகலில் நிழல் சுருங்கி ஒவ்வொரு வட்டத்தையும் தொடும் இடத்தில் ஒரு முளை. பிற்பகலில் நிழல் நீண்டு அதே வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு முளை. நிழல் நீளம் சமம் என்றால் சூரியனின் உயரமும் சமம். அப்படியானால் தெற்கு வடக்குக் கோட்டுக்கு இருபுறமும் அது சம தூரத்தில் நின்றிருக்கிறது. முற்பகல் முளை மேற்கு, பிற்பகல் முளை கிழக்கு. எந்த மாதமானாலும் எந்த ஊரானாலும் இது பொய்க்காது.

மே, ஜூனில் இந்த இரு முளைகளையும் சேர்க்கும் கோடு கம்பின் அடி வழியாகப் போகாமல் தெற்கே தள்ளிப் போகும். பிள்ளைகள் தப்பு செய்துவிட்டோமோ என்று கலங்குவார்கள், தப்பில்லை. மூன்று கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் நிழல் நுனியைக் குறித்ததில் கோளாறு. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் 60 செ.மீ. கம்பின் நிழல் நுனி 9 மணி வாக்கில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாக விழும். கம்பின் நுனியில் கோலி அளவு களிமண் உருண்டையை வைத்து, அதன் நிழலின் நடுவைக் குறித்தால் சிக்கல் தீரும்.

வடக்குக்குக் கயிறு போதும். இரண்டு முளைகளிலும் முனைகளைக் கட்டி, கயிற்றின் நடுவைப் பிடித்து விறைப்பாக இழுத்து ஒரு பக்கம் ஒரு புள்ளி, மறுபக்கம் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும் கோடு வடக்கு தெற்கு. இடது கைப்பக்கம் மேற்கு முளை இருக்கும்படி நின்றால் முகம் வடக்கே.

அரை நாள் பொறுக்க முடியாதவர்கள் நிழல் நுனியை அரை மணி இடைவெளியில் இருமுறை குறித்துச் சேர்த்துக் கிழக்கு மேற்குக் கோட்டைப் பெறலாம், ஆனால் நண்பகலை ஒட்டி மட்டும். ஜூனில் காலை 9 மணிக்குச் செய்தால் கோடு 16 டிகிரி சாயும். 60 செ.மீ. கம்பின் நிழல் அரை மணியில் ஏழு சென்டிமீட்டர்தான் நகரும் என்பதால், இதற்கு 1.5 மீட்டர் சாரணர் கோலே நல்லது. நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். கோவையில் அது பிப்ரவரி நடுவில் 12.36க்கு, நவம்பர் தொடக்கத்தில் 12.06க்கு.

இரவில் துருவ நட்சத்திரத்தை வைத்துக் கோட்டைச் சரிபார்க்கலாம். கையை நீட்டி முட்டி மடக்கினால் முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டியும் இரண்டு விரலும். அவ்வளவு தாழ்வு என்பதால், வடக்கே குன்றோ தோப்போ மறைக்காத இடமாகப் பார்த்துக் காலையிலேயே கம்பை நடுங்கள்.