பெரியோடொன்டைற்றிஸ்: பற்சூழ் அழற்சி

கிளினிக் கொப்பியில் பல் வைத்தியர் எழுதும் இந்தச் சொல் கிரேக்க வேர்களால் ஆனது. 'பெரி' என்றால் சுற்றி, 'ஒடொன்ற்' என்பது பல், 'ஐற்றிஸ்' என்ற விகுதி அழற்சியைக் குறிக்கும். பல்லைச் சூழ்ந்திருப்பவற்றில் வரும் அழற்சி, அவ்வளவுதான்.

வன்னியில் எல்லாவற்றையும் முரசு வருத்தம் என்றே சொல்லிவிடுகிறோம் (தமிழ்நாட்டார் ஈறு என்பது எங்களுக்கு முரசு). அந்தப் பெயர் இங்கே போதாது. முரசு சிவந்து, பல் தீட்டும்போது இரத்தம் கசிவது முதல் கட்டம். அதற்கு ஜிஞ்சிவைற்றிஸ் என்று வேறு பெயர் உண்டு. முரசழற்சி என்றால் சரியாக இருக்கும். பல்லில் இறுகிய அழுக்கை எடுத்து, ஒழுங்காகத் தீட்டினால் மாறிவிடும். பெரியோடொன்டைற்றிஸ் அதைத் தாண்டிப் போனது. பல்லைப் பிடித்து வைத்திருக்கும் நார்களும் தாடை எலும்பும் கரையத் தொடங்குகின்றன; கரைந்த எலும்பு தானாக வளராது. முரசோடு நிற்காத நோய் என்பதால் 'பற்சூழ் அழற்சி' என்பதே பொருத்தம்.

இந்த வேறுபாடு நுரையீரலைத் தாக்கும் கொரோனா விஷயத்திலும் முக்கியம். கத்தாரில் 568 கொரோனா நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. பல் எக்ஸ்றேயில் எலும்புத் தேய்வு தெரிந்தவர்களிடையே தீவிர சிகிச்சை, செயற்கைச் சுவாசம், மரணம் மூன்றும் கூடுதலாக இருந்தன. வயது, புகைத்தல், சீனி வருத்தம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ஆனாலும் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

எப்படித் தொடர்பு வரலாம்? நித்திரையில் எச்சில் சிறிதளவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பல்லுக்கும் முரசுக்கும் இடையில் உண்டாகும் பைகளில் பெருகிய பக்ரீறியாவும் அதோடு போகும். வைரஸால் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலில் அவை நியூமோனியாவை உண்டாக்கலாம். நாட்பட்ட அழற்சியால் இன்ரலூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருட்களும் இரத்தத்தில் கூடுகின்றன. கடும் கொரோனாவிலும் கூடுவது இதுவே. போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பக்ரீறியா சுரக்கும், புரதத்தை வெட்டும் நொதிகள் வைரஸ் எங்கள் உடற்கலத்துக்குள் நுழைய உதவக்கூடும் என்ற கருத்தும் உண்டு. அது இன்னும் உறுதியாகவில்லை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும்: சீனி கூடினால் பற்சூழ் அழற்சி மோசமாகும், அழற்சி கூடினால் சீனி கட்டுப்படாது. அப்புறம், வயல் காவலுக்குப் போகும் ஐயாமார் சுருட்டுப் பிடிப்பவர்களாக இருந்தால், இரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்கவேண்டாம். புகையிலைப் புகை இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். பல் ஆடத் தொடங்கும் வரை முரசு நல்லாயிருப்பது போலவே தெரியும்.