கேம் வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சேலத்தில் கேம் கன்சோலும் டிஸ்க்கும் விற்கிறேன், சர்வீஸும் செய்கிறேன். விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் தினமும் வருவார்கள். பேரம் பேசி ஒருவழியாக வாங்கியும் போவார்கள். ஆசையாக ஒரு கேம் வாங்கிப் போனவர் அடுத்த கேமுக்கு வராமலே நின்றுவிடுவது மட்டும்தான் எனக்குக் கவலை. விசாரித்தால் கதை பிடிக்கவில்லை, கிராபிக்ஸ் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. டிஸ்க்கைப் போட்டதிலிருந்து விளையாட உட்காரும் வரை வந்த சில்லறைத் தொல்லைகளைத்தான் சொல்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றைக் காசு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

முதல் தொல்லை டவுன்லோட். ஏற்காட்டிலிருந்து வந்து டிஸ்க் வாங்கிப் போனவர்கள் ராத்திரியே போன் செய்வார்கள். "டிஸ்க் போட்டாச்சுங்கண்ணா, இன்னும் டவுன்லோடுனே ஓடிட்டிருக்குங்க. டிஸ்க் போச்சுங்களா?" டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெளியாகும் நாளிலேயே அப்டேட் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. சில டிஸ்க்கில் கேமின் ஒரு பகுதிதான் இருக்கும். 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு, டிஸ்க்குக்குப் பதிலாகச் செருகும் கார்டுகளில் 'கேம்-கீ கார்டு' என்றே ஒரு வகை உண்டு. அந்தக் கார்டில் கேமே கிடையாது. முழுவதையும் இணையத்திலிருந்து இறக்கவேண்டும், இறக்கிய பிறகும் விளையாடும்போதெல்லாம் கார்டைச் செருகியிருக்கவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 ஜிபி இறக்கவேண்டும் என்று வையுங்கள். அழகாபுரத்தில் 50 எம்பிபிஎஸ் வேகத்தில் ஃபைபர் நெட் இருக்கும் வீட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் போன் ஹாட்ஸ்பாட்டில் 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் ஒன்பது மணி நேரம் ஆகும். அதுவும் தினம் 2 ஜிபி பேக் என்றால் 20 நாள். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் 20 தான்! ஆகவே, 'டவுன்லோட் தேவை', 'இணைய இணைப்பு தேவை' என்று டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். கன்சோலில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்க்கில் வாங்கினாலும் சோனியின் பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ்5 கன்சோலில் கேம் மொத்தமும் உள்ளேதான் இன்ஸ்டால் ஆகும். 825 ஜிபி என்று விற்ற முதல் மாடலில் நமக்குக் கிடைப்பதே 667 ஜிபி சொச்சம்தான்.

அடுத்தது அக்கவுன்ட். அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர், மகனுக்கு ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் இணையக் கடையில் கேம் வாங்கிக் கொடுத்தார். பணம் போனது, கேமும் இறங்கியது. திறந்தால் கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் என்று கேம் கம்பெனியின் இன்னொரு செயலி வந்து நின்றது. அதற்குத் தனி அக்கவுன்ட், தனி பாஸ்வேர்ட், பிறந்த தேதி, மெயிலுக்கு ஒரு கோட். பையன் வீட்டில் இருக்கிறான். மெயில் அப்பா போனில், அப்பாவோ தறிப் பட்டறையில். அந்தச் சத்தத்தில் போன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் கோட் காலாவதி. மறுபடி அனுப்பு, மறுபடி காலாவதி. கடைசியில் பையன் வெறுத்துப்போய் போனில் இலவச கேமுக்கே திரும்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்தவனை வாசலில் நிறுத்தி ஜாதகம் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஸ்டீமில் இப்படித் தனி அக்கவுன்ட் கேட்கும் கேமின் பக்கத்தில் வலது ஓரத்தில் 'வேறு நிறுவனத்தின் அக்கவுன்ட் தேவை' என்ற குறிப்பு ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும். பலர் கண்ணிலேயே படுவதில்லை. முதலில் அதைப் படியுங்கள்.

வாங்குகிறவர்கள் முணுமுணுத்தால் ஒன்றும் மாறாது என்று நினைக்கவேண்டாம். ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் அக்கவுன்ட்டை இணைத்தே ஆகவேண்டும் என்று 2024 மே மாதம் சோனி அறிவித்தது. உலகம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்ப, சில நாளிலேயே பின்வாங்கியது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாங்குபவரை ஏய்க்கும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு விதிமுறை வெளியிட்டது. ஒரு பொருளை வாங்கத் தொடர்பே இல்லாத இன்னொரு சேவையில் சேரக் கட்டாயப்படுத்துவது அதில் ஒன்று. நிறுத்தவே முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பது இன்னொன்று. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தனியாக விளையாடும் கேமுக்கும் சதா இணையம் வேண்டும் என்பதுதான் எனக்கே கோபம் வரும் விஷயம். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டரில் டிவி ஓடும், மோடமும் ஓடும். தெருவில் உள்ள பெட்டிக்குக் கரண்ட் இல்லாததால் நெட் மட்டும் வராது. 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி என்ற கேம் இப்படித்தான் இணையம் இல்லாமல் திறக்காது என்று வந்தது. கம்பெனியின் சர்வர்கள் திணறி, வாங்கியவர்களால் விளையாட முடியவில்லை. இணையமின்றி ஆடும் வசதி வர ஒரு வருடம் ஆனது. பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' என்ற செட்டிங் ஆனில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அப்பா அக்கவுன்ட்டில் டவுன்லோடாக வாங்கிய கேம், மகள் அக்கவுன்ட்டில் பூட்டுப் போட்டபடி நிற்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அப்புறம், கேமுக்குள் இருக்கும் தொல்லைகள். தாண்டவே விடாத கம்பெனி லோகோக்கள், 'சாப்பிட வா' என்று அம்மா கூப்பிட்டாலும் நிறுத்த முடியாத ஆட்டம், கரண்ட் போனால் அரை மணி நேர உழைப்பை விழுங்கும் சேவ் முறை. எல்லாவற்றையும்விட அதிகம் கேட்பது எழுத்தின் அளவு. ஹாலில் சுவரில் மாட்டிய 32 இஞ்ச் டிவி, சோபா எட்டடி தள்ளி. கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வடிவமைத்த எழுத்து அங்கிருந்து எறும்பு வரிசைதான். விட்சர் 3 என்ற கேம் வந்தபோது இதே புகார் எழுந்து, பிறகு அப்டேட்டில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி கொடுத்தார்கள். மனது வைத்தால் முடியும் என்பதற்கு 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 சாட்சி. பார்வை, செவி, கை அசைவு ஆகியவற்றில் சிரமம் உள்ளவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட செட்டிங்குகளோடு வந்த கேம் அது.

வாங்கும் முன் அந்தக் கேமை யாராவது பேசாமல் விளையாடும் யூடியூப் வீடியோவை உங்கள் டிவியிலேயே போட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து முதல் இருபது நிமிடம் பாருங்கள். எழுத்து தெரிகிறதா, எவ்வளவு நேரம் சும்மா பார்க்க வைக்கிறார்கள் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். விமர்சன வீடியோக்களில் இதெல்லாம் வெட்டப்பட்டிருக்கும்.

வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால்? ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். மெனுவைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரமும் அந்தக் கணக்கில் சேரும், ஜாக்கிரதை. பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள்தான். ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமிலேயே பழுது இருந்தாலொழிய பணம் வராது. டிஸ்க் என்றால் சீல் உடைத்ததும் அது பழைய சரக்கு. என் கடையிலும் அப்படித்தான்.

பழைய டிஸ்க் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட, இணையமின்றி ஓடாத தி க்ரூ கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. அன்றிலிருந்து டிஸ்க் வைத்திருப்பவர்களாலும் அதை விளையாட முடியாது. அப்படிப்பட்ட டிஸ்க் கீறலே இல்லாமல் பளபளவென்று இருக்கும், விலையும் சல்லிசாகச் சொல்வார்கள். கேமின் பெயரைப் போட்டு சர்வர் இன்னும் ஓடுகிறதா என்று தேடிப் பாருங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த டிஸ்க்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க பிஎஸ்5 டிஸ்க் இங்கே ஓடும், ஆனால் இந்திய அக்கவுன்ட்டில் பணம் கட்டி வாங்கிய கூடுதல் கதையோ காரோ அதோடு சேராது. அந்த மாதிரி டிஸ்க்கை மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்தால், நான் மேற்படி விவரத்தை டப்பாவில் எழுதி ஒட்டித்தான் விற்பனைக்கு வைக்கிறேன்.