18 கோடி ரூபாய்ச் சிகிச்சையும் 4,500 ரூபாய்ப் பொடியும்

கோத்தகிரியில் ஜனவரிக் குளிர் இறுகும் இரவுகளில் என் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும்: சிக்கிள் செல் வலி. ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும் பரம்பரை நோய் அது. அப்படி ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், பிக்கப் வண்டியின் முன் சீட்டில் தங்கையைச் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். இருளர் குடும்பம். குஞ்சப்பனைப் பக்கம் ஊர். அண்ணன் மேலே ஓர் எஸ்டேட்டில் வண்டி ஓட்டுகிறார். தங்கைக்கு 19 வயது. கை, கால், இடுப்பு என்று எங்கே தொட்டாலும் அலறினாள்.

சலைன், வலி மருந்து, ஆக்ஸிஜன், இரண்டு கம்பளி. விடியும்போது கொஞ்சம் அடங்கியது. "காப்ஸ்யூல் ஒழுங்கா போடுறாளா?" என்று கேட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு டாக்டரம்மா. அதான் அமெரிக்காவுல இதுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களே..."

போனை நீட்டினார். இரண்டு நிமிட வீடியோ. முதல் நிமிடத்தில் வெளிநாட்டுத் தொலைக்காட்சிச் செய்தி: சிக்கிள் செல்லுக்கு மரபணுச் சிகிச்சை, அரசு அனுமதி, சிரித்த முகத்தோடு ஒரு நோயாளி. இரண்டாவது நிமிடத்தில் அதே பின்னணி இசையோடு ஒரு பொடி டப்பா. 'அதே ஸ்டெம் செல் தொழில்நுட்பம், இப்போது இயற்கை வடிவில்.' மாதத்துக்கு ஒரு டப்பா, 4,500 ரூபாய். வண்டிக்கடன் தவணையைத் தள்ளிப்போட்டு இரண்டு டப்பா வாங்கியிருக்கிறார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. 2023 கடைசியில் எங்கள் நர்ஸ் ஒருவர் இதே செய்தியை, பொடி இல்லாமல் செய்தியை மட்டும், என்னிடம் காட்டினார். "வாட்ஸ்அப் வைத்தியம், விடும்மா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன். 'ஒரே சிகிச்சையில் பரம்பரை நோய் போச்சு' என்று யார் சொன்னாலும் டாக்டர்களுக்கு வரும் சிரிப்பு அது. ஆனால் அந்தச் செய்தி உண்மை. அந்த அண்ணன் பொய்யை நம்பினார், நான் உண்மையை நம்பவில்லை. இரண்டு பேருமே சோதித்துப் பார்க்கவில்லை.

அப்புறம் உட்கார்ந்து தேடினேன். குஞ்சப்பனையில் பலாப்பழ சீசனில் 'ராத்திரி யானை வந்தது' என்று யாராவது சொன்னால் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? தடம் பார்ப்பார்கள், சாணம் பார்ப்பார்கள், முறிந்த கிளை பார்ப்பார்கள். அவ்வளவு பெரிய உருவம் தடம் விடாமல் வந்துபோக முடியாது. பெரிய கண்டுபிடிப்பும் அப்படித்தான்.

இதற்குத் தடம் இருந்தது. சிகிச்சையின் பெயர் காஸ்ஜெவி. 2023 நவம்பர் 16-ல் பிரிட்டன் அனுமதி, டிசம்பர் 8-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி. செய்தித்தாளில் மட்டுமல்ல, அனுமதி கொடுத்த அலுவலகத்தின் சொந்த இணையதளத்திலேயே அறிவிப்பு இருக்கிறது. அதில் எண்ணிக்கையும் இருக்கிறது: சிகிச்சை பெற்ற 44 பேரில், போதுமான காலம் கண்காணிக்கப்பட்டவர்கள் 31 பேர், அவர்களில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதம் தொடர்ச்சியாகக் கடும் வலி வரவில்லை. பின்னோக்கிப் போனால் தடம் இன்னும் நீள்கிறது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை பற்றிய ஆய்வுக் கட்டுரை 2012-ல் வந்தது. அதற்காக ஷார்பென்டியே, டவுட்னா என்ற இரண்டு பெண்களுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. பத்து வருடத்துக்கு மேல் படிப்படியாக வந்த விஷயம், ஒரே ராத்திரியில் வந்ததில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய அடையாளமாகப் பட்டது வேறு. அந்த அறிவிப்பிலும் மருந்தோடு வரும் குறிப்பிலும் கெட்ட செய்தியும் நிறைய இருந்தது. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்களை, எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, திரவ நைட்ரஜன் குளிரில் வைத்திருக்கிறார்கள். திருப்பி ஏற்றுவதற்கு முன் வலுவான கீமோ கொடுத்துப் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்கவேண்டும். வாய் புண்ணாகும், எதிர்ப்புச் சக்தி விழும், குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். அன்று கிடைத்த அனுமதி 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும். 2023-ல் அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய்.

பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'பக்கவிளைவு அறவே இல்லை' என்பதுதான் முதல் வரி. சிக்கிள் செல், சர்க்கரை, மூட்டுவலி, முடி உதிர்தல் எல்லாம் தீருமாம். யார் சோதித்தார்கள், எத்தனை பேரிடம், எவ்வளவு நாள் என்று ஒரு சொல் இல்லை. ஸ்டெம் செல் என்பது உயிருள்ள செல். காயவைத்துப் பொடியாக்கினால் அது செத்த செல். சரி, செத்ததோ உயிருள்ளதோ, வயிற்றுக்குள் போனால் செரிமானமாகிவிடும். எலும்பு மஜ்ஜைக்கு வழி கேட்டுப் போகாது.

கொடுமை என்னவென்றால், 18 கோடிச் சிகிச்சை எந்த வழியில் வேலை செய்கிறதோ அதே வழியில் வேலை செய்யும் மருந்தைத்தான் அந்தப் பெண் நிறுத்தியிருந்தாள். கருவில் இருக்கும்போது நமக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும். பிறந்த சில மாதங்களில் உடம்பு அதை நிறுத்திவிடும். அது இருக்கும்வரை ரத்த அணு அரிவாள் போல வளைவதில்லை. காஸ்ஜெவி அந்தப் பழைய ஹீமோகுளோபினை மறுபடி திறந்துவிடுகிறது. ஹைட்ராக்சியூரியா காப்ஸ்யூலும் அதைத்தான், குறைந்த அளவில், செய்கிறது. நாள்தோறும் போடவேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆனால் மலிவு. 1998-லேயே அமெரிக்காவில் சிக்கிள் செல்லுக்கு அனுமதி பெற்ற மருந்து. யாரும் இதற்கு வீடியோ போடுவதில்லை.

பெரிய பத்திரிகையில் ஆய்வு வந்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2014 ஜனவரியில் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்திலிருந்து, 'நேச்சர்' இதழிலேயே இரண்டு கட்டுரைகள் வந்தன: எலியின் சாதாரண செல்லை லேசான அமிலத்தில் நனைத்தால் ஸ்டெம் செல்லாக மாறிவிடுமாம். உலகமே கொண்டாடியது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தன, வரவில்லை. அதே ஜூலையில் இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. அதனால் 'இன்னொருவர் செய்து பார்த்தாரா?' என்பதை இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன். அனுமதியும் கடைசி வார்த்தை இல்லை. சிக்கிள் செல்லுக்கே 2019-ல் வந்த வோக்ஸெலோட்டார் மாத்திரையை, வலியும் இறப்பும் கூடுவதாகத் தரவு காட்டியதால், 2024 செப்டம்பரில் நிறுவனமே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது.

நோபல் விஞ்ஞானி பெயர் போட்டு வருவதை இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும். 2020-ல் கொரோனாக் கிருமி செயற்கையானது என்று ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ சொன்னதாக ஒரு செய்தி நம் மலைக் கிராமங்கள்வரை சுற்றியது. வூகான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவராம். அவர் அப்படிச் சொல்லவும் இல்லை, அங்கே வேலை பார்க்கவும் இல்லை. தம் பெயரைப் பயன்படுத்தியதை அவரே கண்டித்து அறிக்கை விட்டார். பெயர் உண்மை, பரிசு உண்மை, பேச்சு மட்டும் பொய்.

இதற்கு நேர்மாறாக, 2018-ல் சீனாவில் ஒருவர் மரபணு திருத்திய குழந்தைகள் பிறந்ததாக யூடியூபில் அறிவித்தார். கட்டுரையும் இல்லை ஒன்றும் இல்லை. பச்சைப் பொய் என்று நான் பந்தயம் கட்டியிருப்பேன். உண்மையாகப் போய், அவர் சிறைக்கும் போனார். ஆக, என் கணக்கும் தப்பும்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அந்த அமெரிக்க வைத்தியம் எனக்கு எப்ப வரும்?" இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதை 1952-ல் முதன்முதலாக லேமன், கட்பஷ் என்ற ஆய்வாளர்கள் பதிவுசெய்ததே இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். எழுபது வருடம் கழித்து அந்த மக்களில் ஒருத்தி கேட்கிறாள். டெல்லியில் அரசு ஆய்வகம் ஒன்றில் நம் நாட்டுக்கென்று கிரிஸ்பர் ஆய்வு நடக்கிறது என்று சொன்னேன். வெறிநாய்க்கடி ஊசி கதையையும் சொன்னேன்: பாரிஸில் பாஸ்டர் அதை முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885-ல், நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது 1907-ல், 22 வருடம். "அதுவரைக்கும் காப்ஸ்யூல், தண்ணி, ஸ்வெட்டரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அண்ணன் இப்போதும் எனக்கு வீடியோ அனுப்புகிறார், ஆனால் கேள்வியோடு. போன மாதம் வந்தது ஜப்பானில் பல் மறுபடி முளைக்க மருந்து. கூடவே ஒரு வரி: "இது எலியா, மனுசனா டாக்டரம்மா?"

தேடிப் பார்த்துவிட்டு எழுதினேன்: முதலில் எலி, அப்புறம் ஃபெரெட் என்ற பிராணி. 2024-ல்தான் கியோட்டோவில் மனிதர்களிடம் ஆரம்பித்திருக்கிறார்கள். 30 ஆண்கள், 64 வயதுவரை. பல் முளைக்கிறதா என்பதைவிட ஆபத்து இல்லையா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டம்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "அப்ப பாட்டிக்குப் பல்செட்டே கட்டிடலாம்."