கட்-ஆஃப்: ஒரு சொல், இரண்டு கணக்கு

"தம்பி, என் மகன் கட்-ஆஃப் 178. காரைக்குடி கவர்மெண்ட் காலேஜ் கிடைக்குமா?"

மதுரை தல்லாகுளத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், மகனைப் பொறியியல் படிப்பில் சேர்க்க வந்த மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் சென்டர்க்காரரிடம் கேட்டார்.

"காரைக்குடி கட்-ஆஃப் என்னன்னு பார்க்கணும்க்கா."

"அதான் 178னு சொன்னேனே!"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் சொன்னார்கள்.

ஆங்கிலத்தில் 'கட்' என்றால் வெட்டு. 'ஆஃப்' சேர்ந்தால் வெட்டி விலக்குவது. ஒரு கல்லூரியில், ஒரு பாடப்பிரிவில், ஓர் ஒதுக்கீட்டுப் பிரிவுக்கான கடைசி இடம் எந்த மதிப்பெண்ணோடு நிரம்பியதோ அதுதான் கட்-ஆஃப். கலந்தாய்வு, அதாவது தரவரிசைப்படி மாணவர்கள் இடம் தேர்ந்தெடுப்பது, முடிந்தால்தான் தெரியும். நாம் முன்கூட்டிப் பார்ப்பதெல்லாம் போன வருடத்துக் கணக்கு.

நம் பேச்சிலோ மாணவர் எடுத்ததற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிளஸ் டூவில் எடுத்த கணித மதிப்பெண் 100க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. அந்த அம்மாவின் மகன் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88. ஆக 92, 42, 44. கூட்டினால் 200க்கு 178. நுழைவுத்தேர்வு இருந்தவரை அதன் 100ம் சேர்ந்து 300க்குக் கணக்கிட்டார்கள். 2007இலிருந்து அது இல்லை. ரேங்க், அதாவது தரவரிசை, இந்த 200ஐ வைத்துத்தான் வருகிறது. இரண்டு பேர் சமமாக நின்றால் முதலில் கணிதம், அப்புறம் இயற்பியல் பார்ப்பார்கள்.

கட்-ஆஃபைச் சிலர் 'தகுதி மதிப்பெண்' என்று எழுதுகிறார்கள். அது பெற்றோரை இன்னும் குழப்பும். தகுதி என்பது கலந்தாய்வுக்குள் நுழையவே வேண்டியது: மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. அதைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் அரசுக் கல்லூரி கிடைத்துவிடாது.

மாணவருடையதைக் 'கூட்டு மதிப்பெண்' என்போம். கல்லூரியினுடையதற்கு 'வரம்பு மதிப்பெண்' பொருந்தும். வரம்புக்கு எல்லை என்றும் பொருள், வயல் வரப்பு என்றும் பொருள். பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் மேலூரில் வரப்பைத் தெரியாதவர் யார்? அதை வருடா வருடம் வெட்டிச் சேறு பூசிப் புதுசாக்குவார்கள். கல்லூரியின் வரம்பும் அப்படித்தான், வருடத்துக்கு வருடம் ஏறும், இறங்கும்.

"அப்ப என் மகன்து வேற, காலேஜ்து வேறயா தம்பி?"

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு சென்டர்க்காரர் போன வருடப் பட்டியலைத் திறந்தார். அந்த அம்மா நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.