ஈய மேட்டில் மண் கொட்டாதீர்கள்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட்டில் தாவரக் கணக்கெடுப்புக்குப் போகும்போது நில உரிமையாளர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "அந்த மொட்டை மேட்டில் நல்ல மண் போட்டு மரம் வைத்துவிடலாமா?" வேண்டாம், முதலில் குனிந்து பாருங்கள் என்பேன்.

பழைய ஈயச் சுரங்கங்களின் கழிவு அது. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஓடிய ஈயத்தாதை ரோமானியர் காலம் தொட்டுத் தோண்டியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில் நொடித்துப்போனது. மேடும் பள்ளமுமாக வயல்களின் குறுக்கே நீளும் அந்தத் தழும்புகளை அங்கே 'ரேக்' என்பார்கள். 1951-ல் இந்தப் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது.

மே மாதக் கடைசியில் அங்கே மண்டியிட்டுப் பாருங்கள். ஊசி இலைகள் மெத்தை போலப் படர்ந்திருக்கும். மேலே விரல்நகத்தைவிடச் சிறிய, ஐந்து இதழ் வெள்ளைப் பூக்கள். ஸ்பிரிங் சாண்ட்வொர்ட் என்று பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு 'லெட்வொர்ட்', அதாவது ஈயப்பூண்டு. பக்கத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கினால் சில சமயம் கை இறங்கும், அவ்வளவு கனம். உடைந்த முகத்தில் ஈயத்தாது பளபளக்கும்.

அந்த மண்ணில் ஈயம், துத்தநாகம், காட்மியம் எல்லாம் உண்டு. சத்து குறைவு, ஈரமும் நிற்காது. வீரியமான புற்கள் அங்கே திணறிப்போகும். போட்டி இல்லாத அந்த இடத்தில்தான் இந்தச் சிறு செடிகள் பிழைக்கின்றன. அங்கேயே வளரும் ஆல்பைன் பென்னிகிரெஸ் என்ற செடி இன்னும் ஒரு படி மேல். துத்தநாகத்தை உறிஞ்சி இலைச் செல்களுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். காய்ந்த இலையின் எடையில் 1 சதவீதத்துக்கு மேல்கூடத் துத்தநாகம் இருக்கும்!

ஒரு மேட்டைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு மறுவருடம் போனேன். லாரி லாரியாக மண் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். முழங்கால் உயரப் புல்லும் காஞ்சொறியும்தான் நின்றன. அன்று வண்டியில் திரும்பும்போது பேசவே மனம் வரவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் புளோரைட், பேரைட் என்ற கனிமங்களுக்காகப் பல மேடுகளை ஏற்கெனவே புரட்டிவிட்டார்கள். மிஞ்சியதையும் 'பசுமையாக்கி' இழக்கிறோம்.

சரி, அப்படியே விட்டுவிட்டால் போதுமா? போதாது. சருகு மக்கிச் சேரும், மழை உலோகத்தை மெல்லக் கரைக்கும், புல்லும் புதரும் ஏறிவிடும். அளவான ஆட்டு மேய்ச்சல் வேண்டும். மாடு விடுவதில் கவனம் தேவை. ஈய நஞ்சால் கால்நடைக்கு வரும் நோய்க்கு 'பெல்லண்ட்' என்றே அங்கே தனிப் பெயர் உண்டு.

மேடு உங்களுடையதென்றால் லாரியை வரச்சொல்லும் முன் மே முதல் ஜூலைக்குள் ஒரு தாவரவியலாளரை அழைத்துக் காட்டுங்கள். வார இறுதியில் நடக்கப் போகிறவர்கள் பாதையிலேயே நடங்கள், பூவைப் பறிக்காதீர்கள். பிள்ளைகளை அந்தப் புழுதியில் விளையாட விடாதீர்கள். கட்டுச்சோற்றைப் பிரிக்கும் முன் எல்லோரும் கையைக் கழுவிவிடுங்கள்.