தேடுபொறி: ‘ப்’ வராத சொல்

சர்ச் என்ஜினுக்குத் தமிழில் தேடுபொறி. இதைத் ‘தேடுப்பொறி’ என்று ஒரு ‘ப்’ சேர்த்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அது பிழை. தேடிய பொறி, தேடுகிற பொறி, தேடும் பொறி என மூன்று காலத்துக்கும் விரிகிற வினைத்தொகை இது. ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் எல்லாம் இதே இனம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘ஊறுக்காய்’ என்று எழுதக் கை வராதவர்களுக்குத் ‘தேடுப்பொறி’ மட்டும் எப்படி வருகிறதோ!

‘தேடல்’ என்ற பெயர்ச்சொல்லில் தொடங்கினால் கணக்கு வேறு. ல் திரிந்து ற் ஆகும்: தேடற்பொறி. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறக்கிற மயிற்பொறி இப்படிப் புணர்ந்ததுதான். இடம் விட்டுத் ‘தேடல் பொறி’ என்று எழுதினாலும் குற்றமில்லை. தேடியந்திரம், தேடு இயந்திரம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரி, ஆனால் நீளம், அதோடு ‘இயந்திரம்’ வடமொழி வழி வந்தது. பொறி இரண்டெழுத்தில் வேலையை முடித்துவிடுகிறது.

அந்த இரண்டெழுத்துக்குள் இருக்கிற பொருள்கள்தான் எத்தனை! தீப்பொறியில் கனல். எலிப்பொறியில் கண்ணி. சேரனின் விற்பொறியில் முத்திரை. ‘கல்லில் பொறித்தான்’ என்பதும் அந்த வழிதான். ஆறாவது குறளின் ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்பதில் ஐம்புலன்களின் கருவி. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் போர்க்கருவிகளை வரிசையிடும்போது ‘வளைவிற் பொறியும்’ என்று தொடங்கும்: தானே வளைந்து அம்பு எய்கிற இயந்திரம். ஆக, பொறிக்கு இயந்திரம் என்ற பொருள் பொறியியல் கல்லூரிகள் வந்த பிறகு ஒட்டவைத்தது அல்ல.

என்ஜின் என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய இதே சரித்திரம். இலத்தீனில் ‘இங்கேனியம்’ என்றால் பிறவித் திறமை, அறிவுக்கூர்மை. அது பழைய பிரெஞ்சில் ‘ஆன்ஜான்’ ஆகி, தந்திரம், கருவி என்ற பொருள்களோடு ஆங்கிலத்துக்குப் போனது. விலங்கு பிடிக்கும் கண்ணிக்கு ஆங்கிலத்தில் ‘ஜின்’ என்று ஒரு சொல் உண்டு. அதுவும் இதே வேரிலிருந்து முன்பகுதி உதிர்ந்து வந்ததுதான். இயந்திரமும் கண்ணியும் ஒரே சொல்லுக்குள் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. புகை கக்குவதுதான் என்ஜின் என்று நினைத்தால் கணினிக்கு இந்தச் சொல் பொருந்தாதது போலத் தோன்றும். ஆனால் சார்லஸ் பாபேஜ் 1837-இல் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்கே ‘அனலிட்டிகல் என்ஜின்’ என்றுதான் பெயர்.

சரி, இந்தப் பொறி எதைத் தேடுகிறது? இணையத்தை என்று சொன்னால் பாதிதான் உண்மை. நீங்கள் சொல்லை அடித்து என்டர் தட்டும் நொடியில் அது ஒரு தளத்துக்கும் போவதில்லை. முன்பே சிலந்தி எனப்படும் நிரல்கள் பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து வந்திருக்கும். அந்தப் படிப்பிலிருந்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஓர் அடைவு தயாராகியிருக்கும். பொறி புரட்டிப் பார்ப்பது அந்த அடைவைத்தான். சங்க இலக்கியச் சொல்லடைவைக் கையில் எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சொல்லைப் பார், பாட்டு எண்ணைப் பார். நேற்று மாற்றிய கட்டணம் தேடல் முடிவில் இன்னும் பழையதாகவே நிற்பதும், நீக்கிய பக்கம் முடிவில் மட்டும் தலை காட்டுவதும் இதனால்தான். சிலந்தி மறுபடி வரவில்லை.

1990-இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ‘ஆர்ச்சி’தான் முதல் தேடுபொறி என்பார்கள். அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடியது. உள்ளே இருப்பதைத் தொடாது. பக்கத்தின் முழு உரையையும் அடைவில் ஏற்றியது 1994-இல் வந்த வெப்கிராலர்.

அடைவு என்றால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழில் சிக்கல் பிறக்கும் இடம் இது. ‘ஔவையார்’ என்று அடித்துப் பாருங்கள். பிறகு ‘ஒளவையார்’ என்று அடித்துப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முதலாவதில் ஔ ஒரே எழுத்து. இரண்டாவதில் ஒ, ள என்று இரண்டு; கணினி அதை ‘ஒ-ள-வையார்’ என்றே படிக்கும். பௌர்ணமியும் பெளர்ணமியும், கௌரியும் கெளரியும் இதே கதை. ஸ்ரீ என்பதற்கும் ஸகரத்தில் ஒன்று, ஶகரத்தில் ஒன்று என இரண்டு குறிமுறைகள் உண்டு. தேடுபொறி சில நேரம் ஊகித்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் அந்த ஊகத்தை நம்ப முடியாது. இரண்டு வடிவங்களையும் அடித்து, நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடுங்கள். சின்ன எழுத்தில் இட்டால் அது வெறும் சொல்லாகப் போய்விடும். கூகுள், கூகிள் என்று ஆளுக்கொரு விதமாக எழுதும் பெயர்களுக்கும் இதுதான் வழி.

வேற்றுமை உருபு அடுத்த தொல்லை. திறந்திருக்கும் பக்கத்துக்குள் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரங்கள்’ இரண்டும் அகப்படாது. கடைசி எழுத்தை விட்டு ‘மர’ என்று அடித்தால் எல்லாம் வரும். மரபும் மரணமும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ‘நாடு’ போன்ற சொல்லுக்கு இது உதவாது. நாடு, நாட்டு என்று இரண்டு முறை தேட வேண்டும்.

பழைய அரசாணை பிடிஎஃப் கண்முன்னே இருக்கும், தேடினால் வராது. ஒன்று, அது ஸ்கேன் செய்த படமாக இருக்கும். அல்லது யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே, எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. இப்படிப்பட்ட ஆவணத்தைத் தமிழ்ச் சொல்லால் தேடிப் பயனில்லை. அரசாணை எண், ஆண்டு, துறையின் ஆங்கிலப் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடுங்கள்.

தேடலை ஒரே தளத்துக்குள் அடைக்க, தளம் என்று பொருள்படும் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல், ஒட்டி முக்காற்புள்ளி, ஒட்டித் தள முகவரி. பட்டா மாறுதல் என்று அடித்துப் பின்னால் இப்படித் தமிழ்நாடு அரசின் முகவரியைச் சேர்த்தால் இடைத்தரகர் தளங்கள் எல்லாம் கழன்றுவிடும். முக்காற்புள்ளிக்குப் பிறகு இடம் விட்டால் கட்டளை வேலை செய்யாது. வேண்டாத சொல்லைக் கழிக்கும் கழித்தல் குறியும் அப்படியே: சொல்லோடு ஒட்டி இருக்க வேண்டும், குறிக்கு முன்னால் இடம் வேண்டும். கூட்டல் குறி இட்டுத் தேடும் பழக்கம் இன்னும் இருந்தால் விட்டுவிடலாம். கூகுள் அதை 2011-இலேயே எடுத்துவிட்டது. அதே ஆண்டு வந்த ‘வெர்பேட்டிம்’ அந்த இடத்தை நிரப்புகிறது. கணினியில் டூல்ஸ், ஆல் ரிசல்ட்ஸ், வெர்பேட்டிம் என்று போனால், அடித்த சொல்லை மாற்றாமல் தேடும். முடிவுகளோடு வந்த ‘கேஷ்’ என்ற சேமிப்புப் படி 2024-இல் போய்விட்டது. மறைந்த பக்கம் வேண்டுமென்றால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் முகவரியை ஒட்டிப் பாருங்கள். வங்கி, கூரியர் வாடிக்கையாளர் சேவை எண்களைத் தேடல் முடிவிலிருந்து எடுத்து அழைக்காதீர்கள். போலி எண்களை முடிவுகளுக்குள் நுழைப்பது மோசடிக்காரர்களின் பழைய வழி. வங்கியின் சேவை எண் ஏடிஎம் அட்டையின் பின்புறமே இருக்கும். பொறிக்கு எலிப்பொறி என்ற பொருளும் உண்டு என்று முன்பே சொன்னோம்.

கூகுள் என்ற பெயர் ‘கூகொல்’ என்பதன் திரிபு: 1-க்குப் பின்னால் 100 சுழியங்கள். கணிதர் எட்வர்ட் காஸ்னரின் 9 வயது மருமகன் மில்டன் சிரோட்டா வைத்த பெயர் அது. தேடுபொறி முதலில் ‘பேக்ரப்’ என்று இருந்து, 1997 செப்டம்பரில் கூகுள் முகவரியைப் பதிவு செய்தது. 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதை வினைச்சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. நம் பேச்சில் ‘கூகுள் பண்ணிப் பார்’. ‘கூகுளாண்டவரைக் கேள்’ என்பதை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது. எழுத்தில் ‘தேடிப் பார்’ போதும். கூகுள் ஒரு நிறுவனத்தின் பெயர், பிங்கிலும் டக்டக்கோவிலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். குரோம், ஃபயர்பாக்ஸ் தேடுபொறிகள் அல்ல, உலாவிகள். முகவரிப் பட்டையில் அடித்தாலே தேடல் நடப்பதால் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன.

2024-இலிருந்து கூகுளின் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் ஒன்று வரத் தொடங்கியது. அது வேண்டாம், இணைப்புகள் மட்டும் போதும் என்றால் ‘வெப்’ என்ற தாவலைத் தட்டலாம். இணைப்பைக் காட்டாமல் விடையையே எழுதித் தருகிற இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ‘ஆன்சர் என்ஜின்’ என்கிறார்கள். தமிழில் விடைப்பொறி எனலாம். விடையைத் தரும் பொறி என்று விரிவதால், இங்கே ‘ப்’ வரும்.