திருக்கை வயிற்றுக்குள் ஒரு பால்சோறு

கரிமேடு மார்க்கெட்டில் வாங்கிய திருக்கையை அறுத்தபோது வயிற்றில் இரண்டு குட்டிகள் சுருண்டு கிடந்ததாம். "மீன் முட்டைதானே போடும்?" என்று கேட்டு, மதுரை வாசகி ஒருவர் படமும் அனுப்பியிருந்தார். நீளத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அகலம், குட்டை வால், அதில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். சந்தேகமே இல்லை, வண்ணத்துப்பூச்சித் திருக்கை. மன்னார் வளைகுடா போன்ற வெதுவெதுப்பான கடல்களின் ஆழமில்லாத மணல் தரையில் வாழ்வது.

சுறாவைப் போலவே திருக்கைக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். கொட்டும் திருக்கை, ஆனைத்திருக்கை எல்லாம் இதன் சொந்தங்கள். இந்தக் கூட்டம் முழுக்கக் குட்டி போடுவதுதான்.

சரி, குட்டி உள்ளே எதைத் தின்று வளர்கிறது? முதலில் முட்டையின் மஞ்சள் கரு. அது சீக்கிரமே தீர்ந்துவிடும். நம்மைப்போல நஞ்சுக்கொடியும் இல்லை. அப்புறம்தான் அந்த அற்புதம் நடக்கிறது. தாயின் கருப்பைச் சுவரில் மக்காச்சோளக் கதிரின் குஞ்சம் போல மெல்லிய இழைகள் அடர்ந்து வளர்கின்றன. ஒவ்வொரு இழையிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள். இந்த இழைகள் கொழுப்பும் புரதமும் நிறைந்த ஒரு திரவத்தைச் சுரக்கின்றன. கருப்பைப் பால் என்றே இதைச் சொல்கிறார்கள்.

வண்ணத்துப்பூச்சித் திருக்கை இதோடு நிற்பதில்லை. திருக்கைகளுக்குக் கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள் உண்டு. வாய் அடிப்பக்கம் இருப்பதால், மணலில் படுத்திருக்கும்போது அந்தத் துளைகள் வழியாகத்தான் தண்ணீரை இழுத்து மூச்சு விடும். கருவில் இருக்கும் குட்டிக்கோ, அதே துளைகளுக்குள் தாயின் இழைகள் நுழைந்து தொண்டைவரை போய்ப் பாலை வார்க்கின்றன. பிறந்தபின் மூச்சுக்கு ஆகப்போகிற வழி, பிறக்கும்வரை சோற்றுக்கு! இறக்கைகளைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும் குட்டி, தொடக்கத்தில் இருந்த மஞ்சள் கருவைப்போலப் பல மடங்கு எடைக்கு வளர்ந்துவிடுகிறது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வுட்-மேசனும், ஆல்காக் என்ற இன்னோர் ஆய்வாளரும் 1891-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உடனே, "அதனால்தான் பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைக் குழம்பு பால் ஊற வைக்கிறது" என்று யாராவது முடிச்சுப் போடுவார்கள். அந்தப் பால் குட்டிக்கு மட்டும்தான், குழம்பில் போடும் சதையில் அது இல்லை. தாய்க்கு வேண்டியது நல்ல சாப்பாடு. அது சாளையிலும் கிடைக்கும், பருப்பிலும் கிடைக்கும்.

எனக்குக் கவலையெல்லாம் வேறு. இவ்வளவு பாடுபட்டு வளர்ப்பதால் ஓர் ஈற்றில் சில குட்டிகள்தான். வலையில் மாட்டிய சினைத் திருக்கை பதற்றத்தில் குறைக்குட்டிகளைப் போட்டுவிடுவதும் உண்டு. 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆரம்பகாலத்தில் பல வருடம் இயங்கியது ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் நம் மண்டபம் ஊரில்தான். அந்தக் கரையிலேயே, பாம்பனிலும் தூத்துக்குடியிலும் ஏலக்கூடத்தில் வருடம் முழுக்க நின்று, எந்த மாதம் எந்தத் திருக்கை சினையாக வருகிறது என்று குறித்துவைக்கப் பத்து இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். பெரிய கப்பல் வேண்டாம். சினை மாதங்கள் தெரிந்தால், எப்போது எந்த வலையைக் கரையில் வைப்பது என்று மீனவர்களோடு உட்கார்ந்து பேசலாம்.